பொது நூலகமும் கருத்துக்கேட்பும்: வள்ளூர் – எண்ணூர் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொது நூலகத்தை வாசிப்புக்கும் கல்விக்கும் உரிய இடமாக மட்டும் கண்டு பேசுவதே தமிழ்ச் சூழலில் பெருவழக்கு. குடிமக்கள் அரசு ஆவணங்களைப் பார்வையிட்டு, தமக்குள் கலந்து பேசி, கருத்துரைக்க ஆயத்தமாகும் இடமாகவும் அதனைக் கருதச் சட்டங்களிலேயே இடமுண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து, வடசென்னைத் தொழிற்பகுதியின் பின்புலத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பொது நூலகம், நூலக வரி, கருத்துக்கேட்புக் கூட்டம், படிப்பகம், வாசகர் வட்டம், வள்ளூர், எண்ணூர்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் மீஞ்சூரை அடுத்து அமைந்த ஊர் வள்ளூர். தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய அனல்மின் நிலையத்தால் இவ்வூர்ப் பெயர் நாடறிந்ததாயிற்று. 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் அங்குள்ளன. கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும், தெற்கே எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்கூடங்களும் நிற்கின்றன. இடையே கொசத்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் அவற்றை நம்பி வாழும் மீனவர் குப்பங்களும் உள்ளன. 2017 சனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்ததும் இப்பகுதி மக்களின் அண்மைக்கால நினைவுகள்.

இத்தகைய பகுதியில் ஒரு புதிய ஆலையோ விரிவாக்கமோ வருமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கருத்துச் சொல்ல வேண்டுமாயின் முதலில் படிக்க வேண்டும். எங்கே அமர்ந்து, எந்த நேரத்தில், எந்த மொழியில், யாரோடு சேர்ந்து படிப்பது? பொது நூலகத்தின் மக்களாட்சிப் பணி குறித்த விவாதத்தை இவ்வெளிய கேள்வியிலிருந்து தொடங்குவது, வாசிப்பின் பெருமை பேசித் தொடங்குவதினும் பயனுடையதாகத் தோன்றுகிறது.

சபையிலிருந்து சங்கத்திற்கு

வடசென்னையில் கூடிப் பேசும் இடங்களின் வரலாறு அரசு நூலகங்களுக்கு முந்தியது. பெரம்பூரில் கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுசலு நாயுடுவும் நடத்திவந்த வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை, சமயச் சொற்பொழிவுகளுக்காக அமைந்தது. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அங்கே வந்து அமர்வது வழக்கம். 1918இன் தொடக்கத்தில் அச்சபையின் பேச்சு சமயத்திலிருந்து ஆலையின் வேலை நேரத்திற்கும் தொழிலாளர் படும் இன்னல்களுக்கும் நகர்ந்தது. திரு.வி.க. அங்கே உரையாற்றினார், பி.பி. வாடியா அழைக்கப்பட்டார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது.

இந்நிகழ்வைத் தொழிற்சங்க வரலாற்றின் முதற்பக்கமாக மட்டும் படிப்பது போதாது. வேறு நோக்கத்திற்காகத் திறந்திருந்த ஓர் இடம், அங்கு வந்தவர்களின் தேவையால் பொதுக்காரியத்திற்கான இடமாக மாறியது என்பதே நூலக ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. செருமானிய அறிஞர் ஏபர்மாசு 1962இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பியக் காப்பிக் கடைகளிலும் மன்றங்களிலும் பொதுவெளி உருவானதை விளக்கினார். அவர் கண்ட பொதுவெளி சொத்தும் கல்வியும் உடையோரின் வெளி. பெரம்பூர்ச் சபையில் அமர்ந்தவர்களோ நாட்கூலிக்கு நூல் நூற்றவர்கள். அவர்களுட் பலர் எழுத்தறியாதவராயினும், படித்தவர் வாசிக்கப் பிறர் கேட்கும் முறை அத்தடையை ஓரளவு நீக்கியது.

திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் பின்னர் வளர்த்த படிப்பகங்கள் இம்மரபின் தொடர்ச்சி. ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பலகை, நாளிதழ்கள், சுவரில் தலைவர் படம் என்பதே படிப்பகத்தின் முழு உடைமை. தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் இதே பணியை நூற்பட்டியல் இன்றியே செய்தன. 1949 செப்டம்பரில் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டத்திற்குத் திரண்ட கூட்டம், இத்தகைய தெருமுனை வாசிப்பில் பழகிய தலைமுறையை உள்ளடக்கியது. எனினும் படிப்பகத்தைக் குறையின்றிப் புகழ்வதற்கில்லை. அது பெரும்பாலும் ஆண்களின் இடம். ஒரு கட்சியின் இடம். பல வேளைகளில் ஒரு தெருவின், அதாவது ஒரு சாதியின் இடம். எல்லோர்க்கும் உரிய இடம் என்னும் கோரிக்கையை நிறைவேற்றும் கடமை அரசின் பொது நூலகத்தின்மேல் விழுந்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் கருதிய நூலகம்

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவர்தம் ஐந்து விதிகள் 1931இல் நூலாயின. அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. புத்தகத்தைத் தேடி வாசகர் வரவேண்டும் என்பதை மாற்றி, வாசகரைத் தேடிப் புத்தகம் செல்ல வேண்டும் என்று கருதிய முயற்சி அது. தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1950இல் மாநில மைய நூலகமாயிற்று.

இச்சட்டத்தில் இரு கூறுகள் இங்கே கருதத்தக்கன. முதலாவது நூலக வரி. சொத்து வரி அல்லது வீட்டு வரியின்மேல் கூடுதலாக விதிக்கப்படும் இவ்வரி, இன்று ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சிகள் இதனைத் திரட்டி நூலக ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். குடியிருப்போர் மட்டுமன்றி ஆலைகளும் கிடங்குகளும் சொத்து வரி செலுத்துகின்றன என்பதால், தொழிற்பகுதியின் நூலக வரியில் தொழிலுக்கும் பங்குண்டு. நூலகம் அரசின் கொடை அன்று; வரி செலுத்துவோர் தம் பணத்தில் நடத்தும் பொதுச்சொத்து. திரட்டிய வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்துவதில்லை என்பது செய்தித்தாள்கள் பலமுறை பேசிய பழங்குறை. வாசகர் இதனைத் தம் உரிமைக் கேள்வியாக எழுப்புவது அரிது.

இரண்டாவது கூறு 10ஆம் பிரிவு. ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்று அப்பிரிவு வரிசைப்படுத்துகிறது. நூல், இதழ், நிலப்படம் ஆகியவற்றோடு ஒளிவில்லைப் படங்களும் திரைப்படச் சுருள்களும் அதில் இடம்பெறுகின்றன. சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்யவும் வகுப்புகள் நடத்தவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு என்கிறது அப்பிரிவு. ஆக, நூலகம் என்பது அமைதியாகப் படிக்கும் அறை மட்டுமே என்னும் எண்ணம் சட்டத்தினின்று வந்ததன்று, வழக்கத்தினின்று வந்தது. கூடிப் பேசும் நூலகத்தை 1948ஆம் ஆண்டே சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

நூலகம் ஒரு மக்கட் கூட்டத்தின் பொதுவாழ்வோடு எத்துணை பிணைந்தது என்பதற்கு யாழ்ப்பாணம் கொடிய சான்று. 1981ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு முந்தைய நாட்களில், மே 31 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் இது நடந்ததென்பதைக் காலவரிசையின் தற்செயல் என்று கடந்துவிட இயலாது.

நூலகம் இடம்பெறும் இரு பிற்காலச் சட்டங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களைப் பட்டியலிடுகிறது. குடிமக்கள் தகவல் பெறுவதற்குள்ள வசதிகள், பொதுப் பயன்பாட்டிற்கென நூலகமோ படிப்பறையோ இருப்பின் அதன் வேலை நேரம் உட்பட, வெளியிடப்பட வேண்டும் என்கிறது அப்பட்டியலின் ஓர் உட்கூறு. வட்டார மொழியையும் கருத்தில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இச்சட்டம் குறித்த பயிற்சிகளில் மனு எழுதும் முறை விரிவாகக் கற்பிக்கப்படுகிறது; இவ்வுட்கூறு அரிதாகவே பேசப்படுகிறது.

2006 செப்டம்பர் 14 நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இன்னும் வெளிப்படையானது. அதன் நான்காம் பிற்சேர்க்கை கருத்துக்கேட்பின் நடைமுறையை வகுக்கிறது. கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வெளியாக வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகங்கள் முதலியவற்றில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேர்ந்தெடுத்த அலுவலகங்களிலோ பொது நூலகங்களிலோ பிற பொருத்தமான இடங்களிலோ கூட்டம் முடியும்வரை வைக்க வேண்டும். பொது நூலகம் என்னும் பெயர் அறிவிக்கையிலேயே இருக்கிறது. ‘இதுவோ அதுவோ’ என்னும் தொடர் அமைப்பால், அலுவலகத்தில் வைத்தாலே விதி நிறைவேறிவிடுகிறது. நூலகம் விருப்பத் தேர்வாகச் சுருங்கிவிடுகிறது.

அலுவலகத்திற்கும் நூலகத்திற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ‘வழக்கமான அலுவலக நேரம்’ என்கிறது அறிவிக்கை. விடியலில் கழிமுகத்திற்குச் சென்று திரும்பும் மீனவருக்கும், அனல்மின் நிலையத்தில் முறைவேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்நேரம் உகந்ததன்று. தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களோ பொதுவாக வெள்ளியன்று விடுமுறை விட்டு ஞாயிறன்று திறந்திருப்பவை. காலை, மாலை என இரு வேளை இயங்குபவை. மேலும், அலுவலகத்தில் ஆவணம் கேட்பவர் ‘எதற்கு?’ என்னும் கேள்வியை எதிர்கொள்ள நேரும். நூலகத்தில் அக்கேள்விக்கு இடமில்லை. எதற்காகப் படிக்கிறாய் என்று கேட்கப்படாமல் படிக்கும் உரிமை, கருத்துரிமையின் முதற்படி.

கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை தேவையில்லை என்கிறது அதே பிற்சேர்க்கை. மக்கள் ஆயத்தமின்றி வந்தாலும், வராமலே போனாலும், கூட்டம் நடந்ததாகப் பதிவாகும். எனவே உண்மையான கருத்துக்கேட்பு கூட்ட நாளில் நிகழ்வதினும் அதற்கு முந்தைய 30 நாட்களில் நிகழ்கிறது எனலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கென 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கூட்டங்கள் நடைபெறாமல் தள்ளிவைக்கப்பட்டன. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டாலும் படிப்பதற்குரிய காலம் நீள்கிறது. அக்காலத்தில் ஆவணம் எங்கே இருக்கிறது என்பது முதன்மையான வினா. 2020இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கை 30 நாட்களை 20ஆகக் குறைக்க முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பின் காரணமும் இதுவே.

மொழி என்னும் வாயில்

சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில ஆட்சிமொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. நடைமுறையில் தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் நீளும். 2020ஆம் ஆண்டு வரைவையே அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சூன் 30இல் ஆணையிட வேண்டியிருந்தது.

தமிழாய்வாளர்க்கு இவ்விடத்தில் நேரடியான பொறுப்புண்டு. அறிக்கைத் தமிழும் ஊர்த்தமிழும் ஒன்றையொன்று அறிவதில்லை. அறிக்கை ‘நீர்நிலை’ என்று பொதுப்படச் சொல்லும் இடத்தை மீனவர் ஆறு, கழி, முகத்துவாரம், அளம் என்று பிரித்தறிவர். முகத்துவாரக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரிலேயே நிலவியல் பொதிந்திருக்கிறது. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் மீன்பிடிப்பது என்பதை முறைப்படுத்தும் ‘பாடு’ என்னும் வழக்கு, ஒரு சொல்லில் அடங்கிய சொத்துரிமை ஏற்பாடு. ‘மீன்பிடிப்பு பாதிக்கப்படாது’ என்னும் ஒற்றைத் தொடர் இவ்வேறுபாடுகளை எல்லாம் அழித்துவிடும். அதனைச் சுட்டிக்காட்ட வல்லவர் அறிக்கையைப் படித்த மீனவரே. இவ்விரு தமிழும் சந்திக்க ஒரு மேசை வேண்டும். அம்மேசையில் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் அமர்ந்து சொற்பட்டியல் ஒன்று தொகுப்பின், அது கலைச்சொல்லாக்கத்திற்கும் வட்டார வழக்காய்வுக்கும் ஒருங்கே பயன்படும்.

அறிவொளி இயக்கம் பற்றி ஆராய்ந்த பிரான்சிசு கோடி, 2013இல் வெளியான நூலில், புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எழுத்தறிவு பெற்றபின் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்த நிகழ்வுகளை விரிவாக ஆராய்கிறார். கையெழுத்திடக் கற்பதும் அரசை நோக்கிப் பேசக் கற்பதும் ஒன்றல்ல என்பது அவர் ஆய்விலிருந்து பெறக்கூடிய முடிவு. எழுத்தறிவுக்கும் குடிமைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கப் பழக்கம் வேண்டும்; பழக்கத்திற்கு இடம் வேண்டும்.

அமைதியா, உரையாடலா?

இன்றைய கிளை நூலகத்தில் மிகுதியாகக் காணப்படுவோர் இருவகையினர்: காலையில் நாளிதழ் படிக்கும் முதியோர், நாள் முழுதும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், வீட்டில் இடமில்லாத மாணவர்க்கும் சிறுதொழில் முனைவோர்க்கும் மேசை, இணையம், குளிரூட்டிய அறை தருகிறது. வடசென்னையின் நெருக்கடியான ஓரறை வீடுகளை அறிந்தோர் இதன் அருமையை மறுக்கமாட்டார். எனினும், தனித்தனி மேசைகளில் தனித்தனி எதிர்காலங்களைத் தேடும் வாசகர்கள் ஓரிடத்தில் இருப்பதனாலேயே கூடியிருப்பவர் ஆகார். நூலகம் தேர்வுக்கூடமாகச் சுருங்குவது, நூலகம் பூட்டிக் கிடப்பதைப் போல் கண்ணுக்குத் தெரியும் குறையன்று. அதனாலேயே கூடுதல் கவனம் தேவை.

2006 முதல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், அன்றிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு நூலகம் என்று திட்டமிடப்பட்டது. கட்டடமும் நூலும் வந்தன. மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட நூலகர் நிலைக்கவில்லை. பல ஊர்களில் கதவு மூடிற்று. கேரளத்தின் பட்டறிவு இதற்கு எதிர்நிலை. 1945இல் பி.என். பணிக்கர் முயற்சியில் 47 ஊர் நூலகங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய நூலகச் சங்கம், முதலில் மக்கள் அமைப்பாக வளர்ந்து, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் துணையைப் பெற்றது. அங்கே உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழு நூலகத்தை நடத்துகிறது. நூலகத்திலேயே தேர்தல் நிகழ்கிறது. தமிழ்நாட்டு முறையில் வரியும் பணியாளரும் உறுதி; ஊரின் பங்கு மெலிவு. தமிழகத்தில் இவ்விடைவெளியை நிரப்ப உள்ள ஒரே அமைப்பு வாசகர் வட்டம். பல இடங்களில் அது ஆண்டுக்கொரு முறை நூலக வார விழாவுக்குப் பொன்னாடை ஏற்பாடு செய்யும் குழுவாகவே இருக்கிறது.

ஊராட்சி நூலகத்தில் ஓர் அடுக்கு

வள்ளூர் போன்ற ஊராட்சியில் இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அதில் நிறைவேறிய தீர்மானங்களின் படியும், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கும் நூலகத்தில் இருப்பின், அடுத்த சபையில் முந்தைய சபையின் தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்க எவர்க்கும் இயலும். நூலக வரி எவ்வளவு திரண்டது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதும் அதே கணக்கில் கேட்கத்தக்கதே.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் ஒவ்வொன்றும், நிபந்தனைகளைப் பின்பற்றியது குறித்து ஆண்டுதோறும் சூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை அளிக்க வேண்டும் என்றும், அவ்வறிக்கைகள் பொது ஆவணங்கள் என்றும் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. கருத்துக்கேட்பு என்பது ஆலை வருமுன் ஒருநாள் நிகழ்வது. இவ்வறிக்கைகள் ஆலை இயங்கும் காலமெல்லாம் வருபவை. சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது, வெந்நீர் எந்த வெப்பநிலையில் வெளியேறுகிறது, பசுமைப் பகுதிக்கென எத்தனை மரம் நடப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில் இடம்பெறும். இணையத்தில் இவற்றைத் தேடி எடுப்பது பயிற்சி பெற்ற ஆய்வாளர்க்கே எளிதன்று. அச்சிட்டு, ஆண்டு வரிசையில் கட்டி, நாளிதழ் மேசைக்கு அருகில் வைத்தால், எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் சென்ற ஆண்டு எண்ணையும் இவ்வாண்டு எண்ணையும் ஒப்பிடலாம்.

நூலகர் இதில் எவர் பக்கமும் சாய வேண்டியதில்லை. ஆலைக்கு ஆதரவாகப் பேசுவோரும் அதே அடுக்கிலிருந்தே எடுத்துப் பேசுவர்; வேலைவாய்ப்பு எத்தனை பேர்க்கு உறுதியளிக்கப்பட்டது என்னும் எண்ணும் அங்கேதான் இருக்கும். அரசுப் பணியாளராகிய நூலகர்க்கு ஆவணத்தை அடுக்கில் வைப்பதற்கே மேலிட ஆணை தேவைப்படும் என்பது நடைமுறைத் தடை. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கையும், கருத்துக்கேட்பு அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே சுருக்கத்தின் படிகளை உரிய கிளை நூலகத்திற்கும் ஊர்ப்புற நூலகத்திற்கும் அனுப்புமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் மேற்கொள்ளும் ஏற்பாடும் இருப்பின் அத்தடை நீங்கும். அதன்பின் மிஞ்சுவது நேரம். திங்கள் காலையில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால், முந்தைய நாள் ஞாயிறு மாலை நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை ஊர் அறிந்திருக்க வேண்டும்.